நூற்று முப்பத்தெட்டு வயதுக்காரி

என் பெயர் அஞ்சலை.
ஹமாசுனாவின் வாயில் 'ல' நுழையாது.
அஞ்சரை-சான் என்றார், விமான நிலையத்தில் குனிந்து.
இருபத்திரண்டு வருஷம்
பாயான் லெப்பாஸ் ஆலையில் சில்லுக்குக் கால் ஒட்டியவள் நான்.
மேலாளர்கள் திட்டித் திட்டிக் கற்றுத்தந்ததுதான்
இந்த ஜப்பான் மொழி.
அவர்களுக்கும் நான் அஞ்சரை.
விடிகாலை அஞ்சரைக்கு ஆலை பஸ்.
பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

காரில் ஏறியதும் ஊரைச் சொல்லத் தொடங்கினார்.
ஒகிசாகி. வரைபடத்தில் ஈ உட்கார்ந்து போன புள்ளி.
கணவாய் மீன் மாதிரி நீளத் தீவு,
தலையில் ஒரு குன்று, வாலில் ஒரு குன்று,
இடுப்பில் துறைமுகம்.
தெற்குச் சரிவில் ஆரஞ்சு. வடக்குச் சரிவில் காற்று.
படகு நாளைக்கு ரெண்டு நடை,
அலை கிளம்பினால் அதுவும் இல்லை.
பல் டாக்டர் வியாழக்கிழமை மட்டும்.
ஊருக்கே ஒரு சிக்னல் விளக்கு,
வண்டிகளுக்காக அல்ல,
பிள்ளைகள் பெரிய ஊருக்குப் போய்
சிவப்பைக் கண்டு திகைக்கக்கூடாதே என்று.
எத்தனை பிள்ளைகள்?
மூன்று.

ஜெலுத்தோங் நெரிசலில் அரைமணி நேரம் நின்றோம்.
அவர் சிவப்பு விளக்குகளை
எண்ணிக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் விஷயம்.
ஊராட்சியில் குமாஸ்தா, குடும்பப் பதிவேடு அவர் பொறுப்பு.
அதில் உராதா ஷிமோ என்றொருத்தி
இன்னும் உயிரோடு இருக்கிறாள்.
மெய்ஜி இருபதில் பிறந்தவள்.
செத்ததை யாரும் வந்து சொல்லவில்லை.
சொல்லாத சாவு ஏட்டில் ஏறாது.
போன மாசத்தோடு நூற்று முப்பத்தெட்டு முடிந்திருக்கிறது.

பதினாறில் போனாள்.
மத்தி படாத வருஷம்; வலைக்கு வாங்கிய கடன்.
நிலக்கரிக் கப்பலின் அடிவயிற்றில்
கரியோடு கரியாய் வந்து இறங்கினால், பினாங்கு.
சிந்த்ரா தெருப் பக்கம் ஏதோ ஒரு மாடி.
ஹொக்கியன் கிழவர்கள் அந்தப் பக்கத்தை
இன்றைக்கும் ஜப்பான் தெரு என்பார்கள்,
ஏன் என்று கேட்டால்
காப்பியைக் கலக்குவார்கள்.
இதை மட்டும் அவர் ஜன்னலிடம் சொன்னார்.

கல்லறைக் காவலர் கிம் ஹோக்
மூன்றாம் வரிசையைக் காட்டினார்.
முழங்கால் உயரக் கல். பாசி. எழுத்தே இல்லை.
நான் கைப்பையைத் திறந்து
குட்டிகூரா பவுடரைத் தட்டித் தேய்த்தேன்.
பள்ளங்களில் வெள்ளை தங்கியது.
உராதா ஷிமோ. ஒகிசாகி.
மெய்ஜி முப்பத்தெட்டு. வயது பதினெட்டு.
மாதமும் நாளும் இருந்த மூலை பெயர்ந்திருந்தது.
கிம் ஹோக் தன் புல்வெட்டும் மிஷினைப்
பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

ஷிமோ என்றால் உறைபனி, என்றார் ஹமாசுனா.
கல் வெள்ளையாக இருந்தது,
பன்னிரண்டு மணி வெயிலில்.

படிவத்தைத் தொடையில் விரித்தார்.
நாள் தெரியாவிட்டால் பரவாயில்லை,
தெரியாது என்று எழுதக் கட்டம் இருக்கிறது.

என் அம்மா சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்.
பிறப்புப் பத்திரம் இல்லை.
அறுபத்தாறு வருஷம் சிவப்பு அடையாள அட்டை.
கவுன்டரில் நான்தான் பேசுவேன்:
இங்கேதான் பிறந்தாள்.
ஆதாரம்?
இதோ, நிற்கிறாளே.
அது ஆதாரம் இல்லையாம்.
செத்த அன்றைக்கு
ஒரே மணி நேரத்தில் பத்திரம் கொடுத்தார்கள்,
தேதி, மணி, நிமிஷம் எல்லாம் போட்டு.

ஹமாசுனாவிடம் இதைச் சொல்லவில்லை.
சொல்ல அந்த மொழியில் எனக்கு வராது.
ஆலையில் இந்தச் சொற்களை வைத்து
யாரும் என்னைத் திட்டியதில்லை.

ஊரில் இப்போது எத்தனை பேர், என்று மட்டும் கேட்டேன்.
இருநூற்று நாற்பத்தொன்று.
கொஞ்சம் பொறுத்து,
அவள் அந்தக் கணக்கில் இல்லை, அஞ்சரை-சான், என்றார்.

எழுதினார். ஆண்டு.
மாதம், தெரியாது. நாள், தெரியாது.
சட்டைப்பையிலிருந்து விரல்நீள முத்திரை எடுத்து
ஊதி, அழுத்தினார்.
சின்ன வட்டச் சிவப்பு.

அதைப் பார்த்ததும் நின்றோம்,
வண்டியே வராத தெருவில் நிற்கிற
அந்த மூன்று பிள்ளைகள் மாதிரி.